அறுந்தால் எது நிற்கும்? நடுத்தர நிறுவனத்துக்கு ஏற்ற கணினி வலையமைப்பு

கோடம்பாக்கத்தில் வாடகைக் கட்டடம் ஒன்றின் இரண்டு தளங்களில் அலுவலகம்; அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கிடங்கு. வாகன உதிரிபாகங்களை மொத்தமாக வாங்கிச் சில்லறைக் கடைகளுக்கு அனுப்பும் இப்படியொரு நிறுவனத்தை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் இருபத்திரண்டு கணினிகள், கிடங்கில் ஐந்து, இரண்டு இடங்களிலும் கண்காணிப்பு கேமராக்கள்; கணக்கும் சரக்கிருப்பும் டாலி என்னும் கணக்கு மென்பொருளில். இந்த அளவு நிறுவனங்கள் சென்னையில் ஏராளம். அவற்றில் பலவற்றின் வலையமைப்பு யாரும் திட்டமிட்டு அமைத்ததாக இருக்காது. முதலில் இணையத்தை உள்ளே கொண்டுவரும் ஒரு ரவுட்டர், பிறகு கணினிகளைக் கம்பியால் ஒன்றிணைக்கும் எட்டு போர்ட் (கேபிள் செருகும் துளை) ஸ்விட்ச், அது போதாதபோது அதன் வாலில் இன்னொன்று என்று தானாக வளர்ந்திருக்கும். இடம் மாறும்போதோ கட்டடத்தைப் புதுப்பிக்கும்போதோதான் உரிமையாளர் முதன்முறையாக "எந்த வகை நல்லது?" என்று கேட்கிறார்.

விற்பவர் இதற்குத் தரும் விடை பெரும்பாலும் வேகத்தைப் பற்றியதாக இருக்கும். பெட்டியின்மேல் எத்தனை ஜிகாபிட் என்று அச்சிட்டிருக்கிறதோ அதுவே தரத்துக்கு அளவுகோலாகிவிடுகிறது. ஆனால், பில் போடுவதும் இருப்பைப் பார்ப்பதும் கோப்புகளைப் பகிர்வதுமே வேலையாக உள்ள இடத்தில், ஒழுங்காக அமைத்தால் இன்றைய எந்த வகையும் வேகத்தில் குறை வைக்காது. வகைக்கு வகை உண்மையில் வேறுபடுவது வேறு இடத்தில்: ஓர் இணைப்பு அறுந்தால் எத்தனை பேருடைய வேலை நிற்கும், அதைச் சரிசெய்ய யார் எவ்வளவு நேரத்தில் வருவார் என்பதில். இந்த ஒப்பீடு முழுவதையும் அந்த இரண்டு கேள்விகளைக் கொண்டே செய்கிறேன்.

பாடநூல்கள் வலையமைப்புகளைப் பரவும் தூரத்தை வைத்து பேன் (ஒருவரைச் சுற்றி), லேன் (ஒரு கட்டடத்துக்குள்), மேன் (ஒரு நகருக்குள்), வான் (ஊர்களைக் கடந்து) எனவும், கோக்கும் வடிவத்தை வைத்து பஸ் (எல்லாம் ஒரே கம்பியில்), ரிங் (வட்டமாக), ஸ்டார் (நடுவில் ஒன்று), மெஷ் (எல்லாம் எல்லாவற்றோடும்) எனவும் பிரிக்கின்றன. தேர்வுக்குப் படிக்க இது பயன்படும். முடிவெடுப்பவருக்கு வடிவத்தைப் பொறுத்தவரை இன்று தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை. 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கத் தொடங்கிய ஈதர்நெட் என்னும் கம்பிவழி இணைப்பு முறை, ஆரம்பத்தில் எல்லாக் கணினிகளையும் ஒரே கோஆக்சியல் கேபிளில் கோத்தது. நடுவில் ஓர் இணைப்பி தளர்ந்தாலும், கேபிளின் முனையை மூடும் டெர்மினேட்டர் கழன்றாலும், அந்தக் கேபிளில் இருந்த அத்தனை பேருக்கும் வேலை நின்றது. ஒவ்வொரு கணினியிலிருந்தும் ஸ்விட்சுக்குத் தனித்தனியாகக் கம்பி போகும் ஸ்டார் அமைப்பில் கம்பி கூடுதலாகச் செலவாகும். ஆனால், ஒன்று அறுந்தால் ஒருவருடைய வேலை மட்டுமே நிற்கும். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைக்கும் முழு மெஷ் இதைவிட உறுதியானதுதான். ஆனால், இருபத்திரண்டு கணினிகளுக்கு அப்படிச் செய்ய 231 கம்பிகள் தேவைப்படும் என்பதால் அலுவலகத்துக்கு அது பேச்சுக்கே இடமில்லாதது.

ஸ்டார் அமைப்பின் பலவீனம் நடுவில் இருக்கும் ஸ்விட்ச். அது எரிந்துபோவதைக் காட்டிலும் அடிக்கடி நடப்பது வேறொன்று. மேசைக்கடியில் கிடக்கும் கேபிளின் தளர்ந்த முனையைப் பார்த்து, கழன்றுவிட்டதென்று நினைத்து யாராவது நல்லெண்ணத்தோடு அருகிலுள்ள போர்ட்டில் செருகுவார். அதன் மறுமுனையும் அதே ஸ்விட்சில்தான் இருக்கும். சில நொடிகளில் எல்லா விளக்குகளும் ஒன்றாக வெறிபிடித்தாற்போல் மினுக்கும். தளம் முழுவதும் நின்றுவிடும். இப்படிச் சுற்று உருவாவதைத் தானே கண்டறிந்து தடுக்கும் முறையை ரேடியா பெர்ல்மன் 1985-இலேயே வகுத்துவிட்டார். மேலாண்மை வசதியுள்ள, அதாவது அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய, ஸ்விட்சுகளில் அது இருக்கும். மலிவான சாதாரண ஸ்விட்சுகள் பலவற்றில் இருக்காது. விலை வித்தியாசத்துக்குக் கிடைப்பது வேகமல்ல, இந்தக் காப்புதான்.

கேபிளா, வைஃபையா

வைஃபை மட்டும் போதும் என்பவர்கள் இப்போது அதிகம். சுவரைத் துளைக்க வேண்டாம், வாடகைக் கட்டடத்தை விட்டுப் போகும்போது எதையும் விட்டுச்செல்ல வேண்டாம், மேசையை எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்பவை உண்மையான நன்மைகள். மடிக்கணினியும் கைபேசியுமாக நடமாடும் விற்பனைப் பிரிவுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. கிடங்கில் பார்கோடு படிக்கும் கருவியோடு அலமாரி அலமாரியாகப் போகிறவருக்குக் கேபிளைப் பரிந்துரைக்கவே முடியாது.

ஆனால், வைஃபையில் காற்று எல்லாருக்கும் பொது. ஒரு சேனலில் (அலைவரிசையின் ஒரு துண்டில்) பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். கோடம்பாக்கம் போன்ற நெருக்கமான பகுதியில் ஒரு கைபேசியைத் திறந்து பார்த்தாலே பக்கத்து வீடுகள், கீழ்த்தளக் கடை, எதிர்க் கட்டடம் என்று பத்துப் பதினைந்து வைஃபை பெயர்கள் வரிசையாக நிற்கும். அவையெல்லாம் இந்த மூன்றுக்குள்தான் இடம்பிடிக்கின்றன. 5 ஜிகாஹெர்ட்ஸில் சேனல்கள் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால், அது ஒன்பது அங்குலச் செங்கல் சுவரையும் கான்கிரீட் தளத்தையும் ஊடுருவுவதில் பலவீனமானது. எனவே தளத்துக்கு ஒன்று போதும் என்று நினைத்த ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபையைப் பரப்பும் கருவி) இரண்டோ மூன்றோ ஆகும். அவை ஒவ்வொன்றுக்கும் கேபிள் இழுத்தே ஆக வேண்டும். வைஃபை வைத்தால் கேபிள் வேண்டாம் என்ற கணக்கு இங்கேயே பாதி அடிபட்டுவிடுகிறது.

வேகம் குறைவது பெரிய கெடுதல் இல்லை. இணைப்பு ஒரு நொடி விட்டுவிட்டு வருவதுதான் கணக்குப் பிரிவுக்கு ஆகாதது. பகிர்ந்த கோப்புறையில் உள்ள டாலி தரவில் பலரும் ஒரே நேரத்தில் வவுச்சர் பதியும்போது, எழுதுகிற நேரத்தில் இணைப்பு நழுவினால் தரவு சிதைய வாய்ப்புண்டு. யூடியூப் பார்க்கிறவருக்கு அந்த ஒரு நொடி தெரியவே தெரியாது. பில் போடுகிறவருக்கு அது ஒரு பிற்பகலையே விழுங்கிவிடும். இன்னொரு பலவீனம் கடவுச்சொல். எல்லாருக்கும் பொதுவான ஒரே வைஃபை கடவுச்சொல் இருக்கும் இடத்தில், வேலையை விட்டுப் போனவரின் கைபேசியிலும் அது அப்படியே இருக்கும். அதை மாற்றினால் எல்லாக் கருவிகளிலும் மாற்ற வேண்டும் என்பதால் யாரும் மாற்றுவதில்லை.

கேபிளின் நன்மைகள் இதற்கு நேர்மாறானவை. ஒவ்வொருவருக்கும் தனிப் பாதை. ஒருவர் பெரிய கோப்பை இறக்கினாலும் மற்றவருடைய இணைப்பு விட்டுவிட்டு வருவதில்லை. கேட்-6 எனப்படும் வகைக் கேபிளில் 100 மீட்டர் வரை நொடிக்கு ஒரு ஜிகாபிட் தடையின்றிப் போகும். இரண்டு தள அலுவலகத்தில் எந்த மூலையும் அந்தத் தூரத்தைத் தாண்டாது. தீமைகள் எனில், முதல் செலவும், சுவர் வேலையும், பிறகு இடம் மாற்றுவதில் உள்ள சிரமமும். வாடகைக் கட்டடத்தில் உரிமையாளரின் சம்மதமும் வேண்டும்.

கேபிளைத் தேர்ந்தெடுத்தவர் பணத்தை வீணாக்கும் இடம் ஒன்று உண்டு. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் 305 மீட்டர் பெட்டியாகக் கிடைக்கும் கேபிள்களில், முழுச் செம்பால் ஆனவையும், அலுமினியக் கம்பியின்மேல் செம்பு பூசியவையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பூசியது விலை வெகுவாகக் குறைவு. ஒரு துண்டின் முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும்; இரண்டு மூன்று முறை மடக்கினால் ஒடிந்துவிடும். கணினிக்கு மட்டும் என்றால் கொஞ்ச காலம் ஓடலாம். ஆனால், அதே கேபிள் வழியாகக் கேமராவுக்கோ ஆக்சஸ் பாயிண்டுக்கோ மின்சாரமும் அனுப்பும்போது மின்தடை கூடுதலாக இருப்பதால் கம்பி சூடேறும். தொலைவில் இருக்கும் கருவி திரும்பத் திரும்ப அணைந்து எரியும். கேபிளில் மின்சாரம் அனுப்பும் இந்தப் பிஓஇ வசதியைக் கேபிளின் மிகப் பெரிய நன்மையாகவே நான் கருதுகிறேன். 2003-இல் வந்த தரம் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட்டும், 2009-இல் வந்தது 30 வாட்டும் தருகிறது. ஸ்விட்ச் இருக்கும் அலமாரிக்கு ஒரு யுபிஎஸ் வைத்தால், மின்வெட்டின்போது கேமராக்களும் ஐபி தொலைபேசிகளும் வைஃபையும் சேர்ந்தே உயிரோடு இருக்கும். கூரையில் ஒவ்வொரு கருவிக்கும் தனி பிளக் பாயிண்ட் தேடும் வேலை இல்லை.

கம்பி முனையில் எட்டு இழைகளையும் சரியாக அடிக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிகளும் தேவை. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிகள் போதும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஓர் இழை சரியாகப் பதியாவிட்டால் இணைப்பு அறுவதில்லை. பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கி, சத்தம் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் ஓடும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு முனையையும் சோதனைக் கருவியால் பார்த்து எழுதித் தரும்படி ஒப்பந்தத்திலேயே சேர்ப்பது நல்லது. பணம் கொடுத்த பிறகு கேட்டால் கிடைக்காது.

ஆக, அசையாமல் ஓரிடத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் கேபிள், கையில் நடமாடுவதற்கு வைஃபை என்பதே இந்த அலுவலகத்துக்கு என் பரிந்துரை. விருந்தினர் வைஃபையைக் கணக்குப் பிரிவிலிருந்து விலேன் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி வலைகளாகப் பிரிக்கும் வசதி) மூலம் தனியாகப் பிரித்துவிட வேண்டும். அதற்கும் மேலாண்மை வசதியுள்ள ஸ்விட்ச்தான் வேண்டும்.

ஒரு கணினியைப் பகிர்வதா, சர்வர் வாங்குவதா

சர்வர் என்பது எல்லாருக்கும் பொதுவாகக் கோப்புகளை வைத்துத் தரும் கணினி. அது இல்லாத சம நிலை வலையமைப்பில் ஒவ்வொரு கணினியும் தன் கோப்புறைகளைத் தானே பகிர்கிறது. செலவு கிட்டத்தட்ட இல்லை. நிர்வாகிக்கென்று தனி ஆளும் வேண்டாம். நான்கைந்து பேர் இருக்கும் அம்பத்தூர்க் கிடங்குக்கு இதுவே சரி. அலுவலகத்தில் இது எங்கே முறிகிறது என்று பாருங்கள். சாதாரண விண்டோஸ் 10, 11 கணினி ஒரே நேரத்தில் இருபது இணைப்புகளைத்தான் ஏற்கும். கணக்காளரின் கணினியில் டாலி தரவை வைத்துப் பகிர்ந்தால், மற்ற இருபத்தொரு பேரில் கடைசியாக வருபவருக்கு இனி இணைப்பு கொடுக்க இயலாது என்ற செய்தி திரையில் வரும். யாராவது வெளியேறினால் அவர் உள்ளே வருவார். அடுத்தவர் வெளியே நிற்பார். இது பழுதன்று, உரிமத்தின் வரம்பு. எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும் போகாது. அந்தக் கணக்காளர் மாலையில் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் எல்லாருடைய வேலையும் அத்தோடு முடியும் என்பது இன்னொரு வினோதம்.

சர்வர் வைத்தால் கோப்புகள் ஓரிடத்தில் இருக்கும். யார் எதைத் திறக்கலாம் என்று வரையறுக்கலாம். காப்பு நகல் எடுப்பது ஒரே இடத்தில் முடியும். தீமை, எல்லாமே அந்த ஒரு பெட்டியை நம்பி நிற்பது. அதன் விலையோடு, விண்டோஸ் சர்வர் என்றால் இணையும் ஒவ்வொரு பயனருக்கோ கருவிக்கோ தனி உரிமமும் வாங்க வேண்டும். இலவச இயங்குதளமான லினக்ஸ் உள்ள சர்வரில் சாம்பா என்னும் மென்பொருள் கொண்டு கோப்புகளைப் பகிர்ந்தால் அந்த உரிமச் செலவு இல்லை. ஆனால், அது தெரிந்தவர் அழைத்தால் வரக்கூடிய தூரத்தில் இருக்கிறாரா என்பதே கேள்வி. இரண்டுக்கும் நடுவில் நாஸ் என்னும் கோப்புச் சேமிப்புப் பெட்டி இருக்கிறது. கோப்புப் பகிர்வு மட்டுமே தேவை என்றால் இரண்டு வட்டுகள் கொண்ட நாஸ் போதும். ஒரே தரவை இரண்டிலும் எழுதும்படி அமைத்தால், ஒரு வட்டு பழுதானாலும் மற்றதில் எல்லாம் இருக்கும். அதையே காப்பு நகல் என்று நினைத்துவிடக் கூடாது. தவறுதலாக அழித்த கோப்பு இரண்டு வட்டுகளிலும் ஒரே நொடியில்தான் அழியும்.

இரண்டு முறைகளுக்கும் பொதுவான ஆபத்து, ஒரு கணினியில் நுழைந்தது மற்றவற்றுக்குப் பரவுவது. 2017 மே மாதம் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை நிரல், விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாக, யாரும் எதையும் சொடுக்காமலேயே ஒரே லேனில் கணினி விட்டுக் கணினி தாவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. இருபத்திரண்டு பேர் தத்தம் கணினிக்குத் தாமே பொறுப்பு என்று இருக்கும் இடத்தில் திருத்தங்களை யார் நிறுவுவது? சர்வருக்குச் செலவழிப்பதில் பாதி நியாயம் இந்த ஒரு காரணத்திலேயே இருக்கிறது.

எல்லாவற்றையும் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் வேறொரு நிறுவனத்தின் சர்வருக்கு, மாற்றிவிடலாமே என்பது அடுத்த யோசனை. மின்னஞ்சலுக்கும் ஆவணப் பகிர்வுக்கும் தயங்காமல் மாற்றலாம். கணக்கையும் பில்லையும் மாற்றினால் இணையம் நின்ற நொடியே விற்பனையும் நிற்கும் என்பதை எடைபோட்டுத்தான் மாற்ற வேண்டும். சட்டப்படியும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மின்னணு வடிவில் கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் கம்பெனிகள், இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் அன்றாடம் காப்பு நகல் வைக்க வேண்டும் என்று 2022-இல் திருத்தப்பட்ட விதி சொல்கிறது. கிளவுட் சேவை வாங்கும்போது தரவு எந்த நாட்டில் இருக்கும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கோடம்பாக்கத்தையும் அம்பத்தூரையும் இணைப்பது

செலவு வித்தியாசம் பெருமளவில் வருவது இங்கேதான். சாலை வழியாகச் சொந்தமாக ஃபைபர் இழுக்க உரிமமும் மாநகராட்சி அனுமதியும் வேண்டும் என்பதால் அதை விட்டுவிடலாம். மொட்டைமாடியில் இரண்டு ஆன்டெனாக்களை எதிரெதிரே நிறுத்தி 5 ஜிகாஹெர்ட்ஸில் பேசவைக்கும் ரேடியோ இணைப்பு கேட்பதற்கு மிகக் கவர்ச்சியானது. மாதக் கட்டணமே இல்லை. ஆனால், இரண்டு முனைகளுக்கும் இடையே பார்வைக் கோடு மறைவில்லாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டு இடங்களுக்கும் இடையில் கோயம்பேடு போன்ற பகுதிகள் உயர்ந்துகொண்டே போகின்றன. இன்று தெரியும் ஆன்டெனா இரண்டு ஆண்டுகளில் புதிய அடுக்குமாடிக்குப் பின்னால் மறைந்துவிடலாம். டிசம்பர்க் காற்றில் கம்பம் சற்றே திரும்பினாலும் இணைப்பு போய்விடும். ஒரே தொழிற்பேட்டைக்குள் எதிரெதிர்க் கட்டடங்கள் என்றால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். இவ்வளவு தூரத்துக்குச் சொல்ல மாட்டேன்.

மீதி இருப்பவை லீஸ்ட் லைன், எம்பிஎல்எஸ், சாதாரண பிராட்பேண்டின்மேல் விபிஎன் (பொது இணையத்தின் ஊடே உங்கள் இரண்டு இடங்களுக்கு மட்டும் அமைக்கும் பாதுகாப்பான பாதை). லீஸ்ட் லைனில் வாங்கிய வேகம் முழுவதும் உங்களுக்கே; பதிவேற்றமும் பதிவிறக்கமும் சமம்; பழுதானால் இத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்வோம் என்ற உறுதி ஒப்பந்தத்திலேயே இருக்கும். எம்பிஎல்எஸ் என்பது சேவை நிறுவனத்தின் உள்வலையிலேயே உங்கள் கிளைகளைத் தனியாக இணைத்துத் தருவது. இருபது முப்பது கிளைகள் கொண்ட வங்கிக்கு அது பொருந்தும், இரண்டு இடங்களுக்கு ஆடம்பரம். இரண்டுமே பிராட்பேண்டைப் போலப் பல மடங்கு கட்டணம் கேட்பவை. பிராட்பேண்ட் ஃபைபரில், ஒரே ஃபைபரைப் பலருக்குப் பிரித்துத் தரும் வழக்கமான ஜிபான் அமைப்பில், நொடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட் கொள்ளளவை முப்பத்திரண்டு அல்லது அறுபத்துநான்கு வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். பகலில் அலுவலக நேரத்தில் இது பெரும்பாலும் பிரச்சினையாவதில்லை. எப்போது சரியாகும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள் என்பதே அதன் உண்மையான குறை.

கிடங்கின் ஐந்து கணினிகளுக்கு பிராட்பேண்ட் மேல் விபிஎன் போதும் என்பதே என் முடிவு, மூன்று நிபந்தனைகளோடு. முதலாவது, இரண்டு முனைகளில் ஒன்றிலாவது மாறாத பொது ஐபி முகவரி (இணையத்தில் அந்த இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வேண்டும். பல பிராட்பேண்ட் இணைப்புகள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருவதால் வெளியிலிருந்து அவற்றுக்குள் வர இயலாது. அலுவலக இணைப்புக்குக் கூடுதல் கட்டணம் கட்டி நிலையான ஐபி வாங்கிவிட்டால் கிடங்கிலிருந்து அதை அழைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, டாலி கோப்புறையை விபிஎன் வழியாக நேரடியாகத் திறக்கக் கூடாது. சின்னச் சின்னதாக ஆயிரம் முறை போய்வரும் அந்தப் போக்குவரத்து லேனில் தெரியாது. நகரின் குறுக்கே போகும்போது ஒவ்வொரு திரையும் ஊர்ந்து வரும். அலுவலகத்து சர்வரில் டாலியை ஓடவிட்டு, அதன் திரையை மட்டும் ரிமோட் டெஸ்க்டாப்பில் கிடங்குக்குக் கொண்டுவருவதே முறை. அதற்கான ரிமோட் டெஸ்க்டாப் உரிமங்களையும் சர்வர் வாங்கும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதையும் விபிஎன்னுக்குள்தான் வைக்க வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப்பை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவைத்த சர்வர்கள்தாம் பணயத்தொகை கேட்கும் நிரல்களுக்கு மிக எளிதில் இரையாகின்றன.

மூன்றாவது, இரண்டாவதாக ஓர் இணைப்பு. சென்னையைப் பொறுத்தவரை இணையம் நகருக்குள் வந்துசேர்வதில் குறையில்லை. சிங்கப்பூருக்குப் போகும் ஐ2ஐ கடலடிக் கேபிள் 2002 முதல் இங்கிருக்கிறது; 2020 ஆகஸ்டில் அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிளும் இங்கிருந்துதான் போனது. அறுவதெல்லாம் கடைசி அரைக் கிலோமீட்டரில். மழைநீர் வடிகாலுக்கும் மெட்ரோவுக்கும் தோண்டும்போது பொக்லைன் வாயில் சிக்குவதும், கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் ஃபைபர்மேல் மரக்கிளை விழுவதும், உயரமான லாரி இழுத்துக்கொண்டு போவதும் இங்கே அன்றாடம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரின் மரங்களைச் சாய்த்தபோது அவற்றோடு கேபிள்களும் போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்தது. கிடங்கில் ஸ்விட்ச் அலமாரியைத் தரையில் வைக்காமல் ஆளுயரத்தில் சுவரில் பொருத்தச் சொல்வது அதனால்தான்.

எனவே வேறு நிறுவனத்திடம் இரண்டாவது ஃபைபர் வாங்குவதற்கு முன்னால் தெருவில் இறங்கி அண்ணாந்து பாருங்கள். இரண்டு நிறுவனங்களின் கேபிளும் ஒரே தெருவிளக்குக் கம்பத்தில் ஒன்றாகச் சுற்றியிருந்தால், விழும் கிளை இரண்டையும் சேர்த்தே அறுக்கும். பில் மட்டும் மாதாமாதம் இரண்டாக வரும். அப்படிப்பட்ட தெருவில், ஃபைபர் நின்றதும் 4ஜி அல்லது 5ஜி சிம்முக்குத் தானே மாறிக்கொள்ளும் ரவுட்டரே இரண்டாவது இணைப்பாக இருக்கத் தகுந்தது. கிடங்கு அலுவலகத்தை அழைக்கும் திசையில் விபிஎன் அமைத்திருந்தால், சிம்முக்குப் பொது ஐபி இல்லை என்பதும் கிடங்கு முனையில் தடையாகாது. அலுவலக முனையில் நிலைமை வேறு. அங்கே ஃபைபர் அறுந்தால் நிலையான ஐபியும் போய்விடும், கிடங்கு அழைக்க முகவரியே இருக்காது. லீஸ்ட் லைனுக்குச் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் அதை அந்த ஒரு முனைக்கு மட்டும் வாங்கினால் போதும். அதுவும், அலுவலக இணையம் ஒரு நாள் நின்றால் அன்றைக்குக் கிடங்கிலிருந்து எத்தனை வண்டிகள் சரக்கு ஏற்றாமல் நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு.